ஒரே பாயில் வளர்ந்தவர்கள்

என் குழந்தைக்கு,

இருபத்தெட்டு வயது ஆனவனைப் போய்க் குழந்தை என்கிறாளே என்று சிரிக்காதே. எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாக யோசித்து, நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடைசியில் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். காலையில் கண் விழித்ததும் அந்த எண்ணிக்கைதான் முதலில் வந்து நிற்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து நீ இருக்கும் தேவராவுக்கு அரை மணி நேரம். பஸ் ஏறி வந்து நேரில் சொல்லலாம், போனிலும் சொல்லலாம். இரண்டுக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரிந்தும் தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் பஸ் போர்டைப் பார்ப்பது மாதிரி ஒரே பார்வையில் ஓட்டிவிடுவாய். இதை நீ மெதுவாகத்தான் படிக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் கோழைத்தனமானது. லீவு நாள்களில் உன்னையும் ரோகிணியையும் உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தபோது நீ உட்கார்ந்தாய், ரோகிணி மாடிக்கு ஓடிவிட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். போட்டோக்காரர் உன்னையும் ரோகிணியையும் நெருங்கி நிற்கச் சொன்னார். அவள் தோளில் கை வைக்கச் சொன்னார். நீயும் வைத்தாய். கூடியிருந்தவர்கள் எல்லாரும் உங்கள் முகங்களைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். நான் உன் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு மட்டும் அவள் புடவையில் பட்டுக்கொண்டிருந்தது; உள்ளங்கையும் விரல்களும் காற்றில் நின்றன. படம் எடுத்து முடித்ததும் நீ கையை எடுத்து வேஷ்டியில் துடைத்துக்கொண்டாய். அது உனக்கே தெரிந்திருக்காது. சின்ன வயதில் ரோகிணி கடித்த மாங்காயை உன் வாயில் திணித்தால் நீ முகத்தைச் சுளித்து, வாயைத் துடைத்த கையை டிராயரில் இப்படித்தான் தேய்ப்பாய். இருபது வருஷம் கழித்து அதே கையை, அதே தேய்ப்பைப் பார்த்தேன். பாயசம் பரிமாறப் போனவள், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அடுத்த வாரமே நீ தேவராவில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கப்பல் பட்டறையில் ஷிஃப்ட் மாறிவிட்டது, தோப்பும்படிப் பாலத்தில் தினம் ஒரு மணி நேரம் மாட்டிக்கொள்ள முடியாது என்றாய். ஊரில் எல்லாருக்கும் ஒரே பெருமை. கல்யாணம் ஆகிறவரை மணப்பெண்ணோடு ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்று விலகிப் போயிருக்கிறான், எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்கிறார்கள். அடுத்த வீட்டு ஆலீஸ் சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்ஙனத்தெ ஒரு மோன் வேறெ எவிடெ கிட்டும்" என்றாள். இப்படி ஒரு பிள்ளை வேறெங்கும் கிடைக்காதுதான் என்று நானும் சிரித்தேன். பன்னிரண்டு பேர் புழங்கினால் கூட நெரிசல் தெரியாத வீட்டில் இருபத்தாறு வருஷம் அவளோடு ஒரே தட்டில் கைவிட்டு வளர்ந்தவன், அவள் மனைவியாகப் போகிறாள் என்றதும் இரண்டு பாலம் தாண்டி ஓடிப்போனான் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

அவள் வந்த நாளை உனக்கு நினைவிருக்க வழியில்லை. உனக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம். உன் அத்தைக்கும் அத்திம்பேருக்கும் பஹ்ரைனில் வேலை கிடைத்து, பத்து மாதக் குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் என்றார்கள், அது இருபத்தாறு வருஷம் ஆயிற்று. நான் குறை சொல்லவில்லை, எனக்குப் பெண் குழந்தை வேண்டும் என்றிருந்தது. நீ முதல் நாளே அவள் முகத்தில் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தாய். அதன் பிறகு நீங்கள் இருவர் இல்லை, ஒருவர். ஒரே அண்டாவில் வெந்நீர் போட்டு இரண்டு பேரையும் உள்ளே இறக்கிவிட்டுக் குளிப்பாட்டினேன். ஒரே கிண்ணத்தில் பருப்புச் சாதம். ஒரே வாரத்தில் இருவருக்கும் அம்மை போட்டது. ஒரே பாயில் வேப்பிலையைப் பரப்பிப் படுக்கவைத்தேன். ஒருவருக்குப் பேன் வந்தால் இருவர் தலையிலும் எண்ணெய் தேய்த்து வாரியெடுப்பேன். பள்ளிக்கூடத்தில் எவனோ அவள் பின்னலை இழுத்தான் என்று நீ அவன் கையைக் கடித்துவைத்துவிட்டு வந்தாய். எந்த வீட்டு அண்ணன் தங்கை இதைவிட அண்ணன் தங்கையாக இருந்திருப்பார்கள்?

அதே வாயால்தான் நாங்கள் எல்லாரும் உங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று கூப்பிட்டோம். அவள் அழுதால், "உன் ஆத்துக்காரி அழறாடா, போய் என்னன்னு கேளு" என்று உன் அப்பா உன்னை அனுப்புவார். உன் பூணூலில் அவளை உன் பக்கத்தில் உட்காரவைத்து வேடிக்கை பார்த்தோம். அத்தை மகள், முறைப்பெண், அதில் என்ன தப்பு என்று நினைத்தோம். முறை என்று ஒன்றை வைத்த பழைய மனிதர்கள் முட்டாள்கள் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவர்கள் காலத்தில் அத்தை மகள் அத்தை வீட்டில் வளர்ந்தாள். கோடை லீவுக்கோ கல்யாணத்துக்கோ வருவாள், ஒரு வருஷத்தில் கொஞ்சம் உயரமாகி வருவாள், யாரோ போலவும் நம்மவள் போலவும் இருப்பாள். நாங்கள் மட்டும்தான் இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்றினோம். கூடப்பிறந்தவர்கள் மாதிரி வளர்த்துக்கொண்டே ஜோடி என்று பேர் வைத்தோம்.

இதில் உன் அப்பாவுக்கும் அத்தைக்கும் மன்னிப்பு உண்டு. அவர் மிளகு தரகு பார்க்கிறவர், அவள் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். எனக்கு மன்னிப்பு இல்லை. போன வருஷம் ஓய்வு பெறும்வரை முப்பது வருஷம் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். பரிணாமப் பாடத்தில் துணை தேடும் பகுதி வந்தால் வகுப்பே கொண்டாட்டமாகிவிடும். பின் பெஞ்சில் செருமல், முன் பெஞ்சில் தலைகுனிந்த சிரிப்பு. நானும் ரசித்துத்தான் நடத்துவேன். ஜூன் மாத இடவப்பாதி மழையில் குளத்தங்கரையில் அத்தனை ஆண் தவளைகள் கத்துகின்றனவே, பெண் தவளை அதில் ஒரே ஒரு குரலை நோக்கித்தான் தத்திப் போகும் என்பேன். முட்டைக்கும் குட்டிக்கும் உடம்பைக் கொடுப்பவள் அவள், அதனால் பார்த்துத்தான் எடுப்பாள் என்பேன். மனிதர்களும் அப்படித்தான், முகத்தின் இரண்டு பக்கமும் ஒத்திருப்பது, தோலின் தெளிவு, குரலின் கனம், வியர்வையின் வாசனை என்று நம்மைக் கேட்காமலே உடம்பு ஒரு பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருக்கிறது, மதிப்பெண் மட்டும்தான் நமக்குத் தெரிகிறது, அதைத்தான் அழகு என்கிறோம் என்பேன். கைதட்டுவார்கள்.

ஒருநாள் ஒரு பெண் எழுந்து, அண்ணன் தங்கைக்குள் அப்படித் தோன்றாதது ஏன் டீச்சர், வீட்டில் சொல்லி வளர்ப்பதாலா என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு விளக்கினேன். நெருங்கிய ரத்தத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு நோய்கள் கூடுதலாக வரலாம். அதனால் உடன்பிறந்தவர்களைத் தள்ளிவைக்கும் ஒரு குணம் உயிர்களுக்குள் தங்கியிருக்கிறது. ஆனால் உடம்புக்கு ரத்தப் பரிசோதனை செய்யத் தெரியாது, கோத்திரமும் கேட்கத் தெரியாது. அது ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. விவரம் தெரியாத வயதில் யார் எப்போதும் பக்கத்தில் கிடந்தார்களோ, அவர்கள் யார் பெற்றதாக இருந்தாலும், பிற்பாடு அவர்கள் மேல் அந்த ஆசை வராது. அநேகமாக வராது என்று சொன்னேன். அந்தப் பெண் திருப்தியாக உட்கார்ந்தாள். அது காலையில் மூன்றாவது பீரியட். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ரோகிணிக்குப் படிப்பு முடியப் போகிறது, இனிமேல் முறையை உறுதி பண்ணிவிடலாம் என்று பஹ்ரைனுக்குப் போன் பண்ணி உன் அத்தையிடம் பேசினேன். காலையில் சரியாகப் பதில் சொன்னவளும் சாயங்காலம் போன் பண்ணினவளும் ஒருத்திதான். நடுவில் படகு கூட ஏறவில்லை, பத்து நிமிஷம் நடந்துதான் வந்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் விலங்குகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் என் கண் முன்னாலேயே நடந்தது. பள்ளி முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்ததே, நீங்கள் இருவரும் அதில் காகிதக் கப்பல் விட்டுத் திட்டு வாங்குவீர்கள். ஒரு மாணவனின் அப்பா, வலை போடுகிறவர், ஒரே தாயின் கரிமீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து அதில் விட்டார். கரிமீன் ஜோடி சேர்ந்தால் அம்மாவும் அப்பாவும் மாறிமாறி முட்டைக்குக் காவல் நிற்கும், அதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று காத்திருந்தேன். வளர்ந்தன, கொழுத்தன, ஒன்றோடொன்று முட்டி விளையாடின, ஜோடி மட்டும் சேரவில்லை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் காயலிலிருந்து வேறொரு மீனைக் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச நாளில் அது எங்கள் தொட்டி மீன் ஒன்றோடு சேர்ந்து, உடைந்த ஓட்டுத் துண்டில் முட்டை வைத்துக் காவல் காத்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். தண்ணீரின் உப்பு மாறியிருக்கலாம், வேறு எதுவும் இருக்கலாம். ஆனால் அன்றைக்குத் தொட்டி விளிம்பில் நின்றபோது எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அது என்ன என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வயதுக்கு வந்தபோதுதான் உன் பாயை எடுத்துக் கூடத்தில் போட்டேன். இனிமேல் அவளோடு முன்னே மாதிரி புழங்கக்கூடாது என்று உன்னிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாய், உன் தலையணையையும் கூடத்தில் கொண்டுவந்து போட்டேன். அதில் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு. உனக்குள் அந்தக் கதவு ஆறேழு வயதிலேயே சாத்தியாகிவிட்டது. நான் பதினைந்தாவது வயதில் போய் உன்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திக் காத்திருக்கச் சொன்னேன்.

இப்போது நான் எழுதப் போவதை எந்த அம்மாவும் மகனுக்கு எழுதமாட்டாள். வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால், நான் எதை நினைத்துப் பயப்படுகிறேன் என்று உனக்குப் புரியாது. உன் அப்பா வருவதற்கு முன் என்னைப் பெண் பார்க்கப் பாலக்காட்டுக்கு ஒருவர் வந்தார். நல்ல உயரம், மூக்கும் முழியுமாக இருந்தார், பெரிய வேலை. வீட்டில் எல்லாரும் மயங்கிப் போனார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொன்னபோது எனக்குப் பஸ்ஸில் வளைவு திரும்பும்போது வருமே, அந்த மாதிரி வயிற்றைப் புரட்டியது. காரணம் சொல்லத் தெரியாமல் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து அதைத் தட்டிக்கழித்தேன். பிறகு உன் அப்பா வந்தார். காது கொஞ்சம் பெரிது, முன்பல் ஒன்று கோணல், அன்றைக்கே நெற்றி ஏறியிருந்தது. குனிந்து செருப்பைக் கழற்றியபோது பின்கழுத்தில் வியர்வை மினுங்கியது. அவ்வளவுதான் நான் பார்த்தது. டம்ளரைக் கொடுக்கும்போது சாயா தளும்பியது. நான் நடத்திய எந்தப் பாடத்தையும் வைத்து அந்தப் பின்கழுத்துக்கு விளக்கம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒன்று தெரியும். பணத்துக்கும் உன் படிப்புக்கும் உன் அப்பா பேச்சுக்கும் நாங்கள் போட்ட சண்டைகள் உனக்கு நினைவிருக்கும். நான்கு நாள் பேசாமல் இருந்தாலும் ஐந்தாம் நாள் அவர் அந்தக் கழுத்தோடு பக்கத்தில் வந்து நிற்பார், எனக்குக் கோபத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. குணம் கைவிட்ட இடங்களில் உடம்பு கை கொடுத்தது. அது இல்லாமல் முப்பது வருஷத்தை எப்படித் தாண்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களை அந்த ஆற்றில் துடுப்பில்லாமல் இறக்கிவிடப் போகிறேனே என்பதுதான் என் பயம்.

முன்பின் தெரியாதவர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டு மெல்லமெல்லப் பிரியம் வருவதில்லையா என்று நீ கேட்கலாம். உன் அப்பாவும் அதையேதான் கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "நம்ம சொந்தத்துல எத்தனை பேர் முறையில பண்ணிண்டு சந்தோஷமா இருக்கா. உனக்குப் படிப்பு கூடிப்போச்சு, அதான் கண்டதையும் நினைச்சுப் பயப்படறே" என்றார். முன்பின் தெரியாதவர்களுக்குள் வராமல் இருப்பது வேறு, இனி வராது என்று உடம்பு முடிவு பண்ணிவிட்ட பிறகு இழுத்துவந்து நிறுத்துவது வேறு என்று சொல்ல நினைத்தேன். அவர் பேப்பரை விரித்துவிட்டார். பிறக்கப்போகும் குழந்தைகளைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. அதற்காவது டாக்டரைப் பார்க்கலாம், பரிசோதனை இருக்கிறது. இதற்கு எந்த லேபில் போய்ப் பார்ப்பது?

பத்து நாள் முன்பு உன் அறைக்கு மொளகூட்டலும் அப்பளமும் எடுத்துக்கொண்டு வந்தேனே, அன்றைக்கு நடந்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ சாப்பிட்டுக்கொண்டே ரோகிணியைப் பற்றிப் பேசினாய். "அவ நல்லவ மா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாய். நான்கு தடவை சொன்னாய், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஒருவன் வேறு எதையாவது சொல்வான், அவள் சிரிப்பைச் சொல்வான், குறைந்தபட்சம் அவளைக் கேலியாவது செய்வான். கை கழுவிவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் செரியாகும், இல்லையாம்மா?" என்று கேட்டாய். ஆகும் என்று சொன்னேன். எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று வேறு சேர்த்துச் சொன்னேன். தெரிந்தே பொய் சொன்னேன். நீ கேட்ட கேள்வி எது என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. வென்டுருத்திப் பாலம் தாண்டும்வரை பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அப்போதெல்லாம் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. உனக்கு எப்படியோ அவளுக்கும் அப்படித்தான் இருக்கும், இருவரும் ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் நடுவில் புகுந்து நிறுத்தினால் இருவருமே மூச்சு விடுவீர்கள் என்று நம்பினேன். என் பாடத்தின்படி அதுதான் நடக்க வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் போன வியாழக்கிழமை அவளிடம் பேசினேன். எர்ணாகுளத்தில் கூரைப்புடவை எடுத்துவிட்டு வாட்டர் மெட்ரோ படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நூறு பேர் கண்ணைப் பரிசோதித்துவிட்டு வந்த களைப்பில் தலையை என் தோளில் வைத்திருந்தாள். நான் அங்கே சுற்றி இங்கே சுற்றி, இந்தக் காலத்தில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, உனக்கு ஏதாவது தயக்கம் இருந்தால் மாமியிடம் சொல்லலாம் என்றேன். அவள் தலையை எடுக்கவில்லை.

"என்னத்துக்கு மாமி சுத்தி வளைக்கறேள்? அவனுக்கு என்கிட்ட அப்படி ஒண்ணும் தோணலை. அது நேக்குத் தெரியும்."

உனக்கு என்று கேட்டேன். வெளியே வெலிங்டன் தீவில் நின்ற கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேக்குத் தோணறது மாமி. பதினாறு வயசிலேர்ந்து. அவன் பக்கத்துல வந்து நின்னா நேக்குக் கை சில்லுனு ஆயிடும். அவனுக்குப் போகப்போகச் செரியாகும். ஆகலைன்னாலும் சாரமில்லை. இந்த வீட்டுலேயே இருப்பேனோல்லியோ, அது போரும்."

படகு கரையில் முட்டி நின்றது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள், எனக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை. அவளே புடவைப் பையை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இறக்கினாள்.

முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம் அந்தப் படகிலேயே பாதியில் நின்றுபோயிற்று. அநேகமாக வராது என்று வகுப்பில் சொன்னேனே, அந்த அநேகமாகவுக்கு வெளியே ஒருத்தி இருப்பாள், அவள் என் மடியில் வளர்ந்தவளாக இருப்பாள் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன். வருஷா வருஷம் இரண்டு மாதம் அவளை பஹ்ரைனுக்கு அழைத்துப் போனார்களே, அந்த இடைவெளியா? நாங்கள் வேடிக்கையாகச் சொன்ன ஆத்துக்காரி என்ற சொல் உன் காதில் நுழையாமல் அவள் காதில் மட்டும் இறங்கிவிட்டதா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை நான் வகுப்பில் அதிகம் சொன்னதில்லை, இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

அன்றிலிருந்துதான் இந்தப் பயம் முழுப் பயமாயிற்று. நீ கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. நீ மாட்டேன் என்று கத்தியிருப்பாய், நான்கு நாள் வீடு இரண்டுபட்டு அடங்கியிருக்கும். நீ நல்லவன். நீ தாலி கட்டுவாய். அவளுக்குப் பிடித்ததை வாங்கிவருவாய், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பாய், கண்ணை மூடிக்கொண்டு கடமையையும் செய்வாய். செய்துவிட்டு, உனக்கே தெரியாமல், அந்தக் கையை எதிலாவது துடைப்பாய். அவள் கண் பரிசோதிக்கிறவள், அவள் கண்ணுக்கு அது தப்பாது. முதல் வருஷம் உனக்குக் களைப்பு என்று நினைத்துக்கொள்வாள். அப்புறம் கண்ணாடி முன்னால் நிற்பாள், தனக்கு மூக்கு சரியில்லையோ, நிறம் சரியில்லையோ என்று பார்ப்பாள். நான் குளிப்பாட்டி, தலைவாரி, பொட்டிட்டு வளர்த்த முகத்தை அவள் வெறுக்க ஆரம்பிப்பாள். நீயோ உனக்குள் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைத்துக் குமைவாய். உன்னிடம் ஒரு கோளாறும் இல்லை. அவளிடமும் இல்லை. பத்து மாதக் குழந்தையையும் உன்னையும் ஒரே அண்டாவில் உட்காரவைத்தவள் நான்தான். அதற்கு நீங்கள் இருவரும் ஆயுசு முழுக்க தண்டனை அனுபவிப்பதை எதிர் அறையில் உட்கார்ந்து என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் தப்பாகவும் இருக்கலாம். நிச்சயதார்த்தத்தன்று கை வியர்த்திருக்கலாம், ஷிஃப்ட் உண்மையாகவே மாறியிருக்கலாம். இதைப் படித்து உனக்குக் கோபம் வந்தால், அவளை நினைத்து உனக்கும் கை சில்லென்று ஆகிறது என்றால், இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து என் முகத்தில் எறி. இந்த ஜன்மத்தில் நான் வாங்கிய திட்டுகளில் அதைப் போலச் சந்தோஷமான திட்டு வேறு இருக்காது. ஆனால் கோபம் வராமல், படித்துக்கொண்டு வரும்போதே உன் தோள் இறங்கி மூச்சு இலேசானால், நீ செய்ய வேண்டியதை நீதான் செய்ய வேண்டும்.

நான் நிறுத்திவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது, எனக்குக் கனவு வந்தது என்று எதையாவது சொல்லிப் பழியை என் மேல் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அப்படிச் செய்தால் அவள் காத்திருப்பாள். அம்மா தடுத்தாள், அவன் தடுக்கவில்லை என்று பத்து வருஷம் கூடக் காத்திருப்பாள். அதனால் நீ போ. மெசேஜ் அனுப்பாதே. ஐந்து மணிக்கு அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவாள், அங்கே போய் நின்று, பேச அழைத்துக்கொண்டு போ. நீ எனக்குத் தங்கை மாதிரி என்று சொல்லாதே. அவள் அதற்குத்தான் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருக்கிறாள். உனக்கு நான் ஏற்றவன் இல்லை என்ற அழகான பொய்யும் வேண்டாம். என்னால் முடியவில்லை, நான் முயற்சி பண்ணிப் பார்த்தேன், முடியவில்லை என்று சொல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் அழகானவள் என்று உனக்குத் தெரியும், அதையும் சொல். அவள் அழுதால் நீ தொட்டுத் தேற்றாதே.

அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தை அடுத்த வாரம் வந்து இறங்குகிறாள், விமான நிலையத்துக்கு நானே போவேன், வீடு வருவதற்குள் காரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவள் என்னோடு இனிப் பேசாமல் போகலாம். மண்டபக்காரர், சமையல்காரர், பத்திரிகை போன வீடுகள், ஆலீஸ் சேச்சி, எல்லாருக்கும் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அதற்கெல்லாம் எனக்குப் பயம் இல்லை.

எனக்குப் பயம் அன்றைய சாயங்காலத்தை நினைத்துத்தான். நீ சொன்ன பிறகு அவள் போவதற்கு இந்த வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை. படகில் ஏறி, படகுத்துறையில் இறங்கி, பஜார் ரோடு வழியாக நடந்து என்னிடம்தான் வருவாள். வந்து என் மடியில் படுத்து உன்னைத் திட்டுவாள். நானும் அவளோடு சேர்ந்து உன்னைத் திட்டுவேன், மனதாரத் திட்டுவேன். அன்றைக்கு உனக்கும் அழுகை வரும், அம்மாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கும். வராதே. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நான் அவளுக்கு அம்மா.